பெங்களூரில் இங்கிலீஷ் டீச்சர் ஆக வேண்டுமா? சர்டிபிகேட்டை அப்புறம் வாங்கலாம்

அல்சூரில் எங்கள் தெருவிலேயே இந்த வருஷம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "அக்கா, இங்கிலீஷ் டீச்சர் ஆகணும், எந்த சர்டிபிகேட் எடுக்கட்டும்?" மூன்று பேரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். யாருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய்? ஒருத்திக்கும் பதில் இல்லை.

எனக்கும் இருந்ததில்லை. "120 மணி நேரம்" என்று விளம்பரம் செய்த ஓர் ஆன்லைன் கோர்ஸைத் தள்ளுபடியில் வாங்கி, பதினோரு நாளில் கிளிக் செய்தே முடித்து, தங்க முத்திரை போட்ட சான்றிதழை லேமினேட் பண்ணிக்கொண்டு ஒரு பள்ளி இன்டர்வியூவுக்குப் போனேன். பிரின்சிபால் மேடம் அதைப் பார்க்கவே இல்லை. ஏழாம் வகுப்பைக் காட்டி, "இருபது நிமிஷம் எடுங்கள்" என்றார். அதுவரை நான் ஒரு பிள்ளைக்குக்கூடப் பாடம் எடுத்ததில்லை. அன்று நடந்ததை விவரிக்க வேண்டாம், விட்டுவிடுகிறேன். இப்போது ஆரம்பித்தால் எந்த வரிசையில் செய்வேனோ, அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

பெங்களூரில் இந்த வேலைக்குப் பல கதவுகள் இருக்கின்றன, ஒன்றின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாது. பள்ளி ஒன்று. கல்லூரி ஒன்று. மூன்றாவது பெரியவர்கள்: ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்பவர், கேப் ஓட்டுபவர், ஐ.டி. கம்பெனியில் கோட் நன்றாக எழுதியும் மீட்டிங்கில் வாய் திறக்காதவர், வெளிநாடு போக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் தேர்வு எழுதப் போகும் நர்ஸ். கால் சென்டர்களில் "வாய்ஸ் அண்ட் ஆக்சென்ட் டிரெய்னர்" என்றே ஒரு வேலை உண்டு. பள்ளிக்கூடம் பிடிக்காதவர்கள் இந்த மூன்றாவது கதவைத் தட்டிப் பார்க்கலாம், அங்கே பி.எட். யாரும் கேட்பதில்லை.

படி 2: உங்கள் இங்கிலீஷை நீங்களே கேளுங்கள்

போனில் மூன்று நிமிஷம் பேசிப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய அளவுகோல் 2001இலிருந்து இருக்கிறது. சொல்லிக்கொடுக்க வருகிறவர் மேலிருந்து இரண்டாவதான சி1 பக்கமாவது இருப்பது நல்லது.

வெள்ளைக்காரர் மாதிரி பேசத் தேவையில்லை, அது வேஷம். கவனிக்க வேண்டியது அழுத்தம். "ஃபோட்டோகிராஃப்" என்பதில் முதல் அசை அழுந்தும், "ஃபோட்டோகிராஃபர்" என்றதும் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். தமிழ்க் காதுக்கு இது எளிதில் பிடிபடாது. அப்புறம், இங்கிலீஷில் எழுத்து 26தான், ஆனால் பிரிட்டிஷ் உச்சரிப்பை வைத்து எண்ணினால் 44 ஒலிகள் என்பார்கள். அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் உச்சரிப்புக் குறிகளைப் படிக்க ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

படி 3: கதவுக்கு ஏற்ற தகுதி

பள்ளி என்றால் பி.எட். இப்போது அது இரண்டு வருஷப் படிப்பு, 2015இல் மாறியது. பட்டப்படிப்பில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம் வேண்டும். இதில் உருப்படியான பகுதி என்று நான் நினைப்பது 20 வாரப் பள்ளிப் பயிற்சிதான், பலர் அதைக் கையெழுத்து வாங்கும் சடங்காக முடித்துவிடுகிறார்கள். சேரும் முன் கல்லூரிக்கு ஆசிரியர் படிப்புகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று, பி.எட். இருந்தால் ஒன்றாம் வகுப்புக்கும் போகலாம் என்ற நினைப்பு இனி சரிவராது. ஒன்று முதல் ஐந்து வரைக்கு டி.எல்.எட். மாதிரித் தொடக்கக் கல்விப் படிப்புதான் தகுதி என்பது 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரம்.

அதற்கு மேல் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு. கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு சி.பி.எஸ்.இ. நடத்தும் சிடெட், கர்நாடக அரசுப் பள்ளிகளுக்கு மாநில டெட். சிடெட்டில் முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டுக்கு. 150 கேள்விகள், 90 எடுத்தால் தேர்ச்சி, தப்புக்கு மார்க் குறையாது. இரண்டு மொழிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பட்டியலில் தமிழும் உண்டு. இங்கிலீஷை முதல் மொழியாகவும் தமிழை இரண்டாவதாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரு மொழிக்கு 30 கேள்வி, அதில் 15 மொழியை எப்படிக் கற்பிப்பது என்பது பற்றி. இலக்கணம் தெரிந்தவர்களும் கோட்டை விடுவது இந்தப் பதினைந்தில்தான். மாநில அரசு வேலை என்றால் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாமல் நடக்காது, இங்கேயே பிறந்து வளர்ந்தும் அதைத் தள்ளிப்போட்டவர்கள் இப்போதே ஆரம்பியுங்கள்.

கல்லூரிக்கு எம்.ஏ., அப்புறம் கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வு: தேசிய அளவில் நெட் அல்லது மாநில செட். அது தனிக் கதை.

பெரியவர்களுக்கு என்றால் கேம்பிரிட்ஜின் செல்டா என்ற இங்கிலீஷ் கற்பித்தல் சான்றிதழ். முழுநேரமாகச் செய்தால் நான்கைந்து வாரம், நான்கு எழுத்துப் பணிகள், நிஜ மாணவர்கள் முன்னால் ஆறு மணி நேரப் பாடம், பின்னால் உட்கார்ந்து ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார். ஆன்லைனிலும் உண்டு, அதிலும் நிஜ மாணவர்கள்தான். செலவு கனமானது, கடன் வாங்கிச் செய்யாதீர்கள். அதே கேம்பிரிட்ஜின் டி.கே.டி. என்ற தேர்வு மலிவு, பாடம் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை, ஒரு மாட்யூலுக்கு 80 கேள்வி, ஃபெயில் கிடையாது, நான்கு பேண்டில், அதாவது தரநிலைகளில், ஒன்று கொடுத்துவிடுவார்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இங்கிலீஷ் கற்பித்தலுக்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. ஞானபாரதியில் 1963இல் தொடங்கிய ரீஜனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் இங்கிலீஷ் இருக்கிறதே, அது பெரும்பாலும் ஏற்கெனவே வேலையில் இருக்கும் தென் மாநில ஆசிரியர்களுக்கு. டீச்சர் ஆன பிறகு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் பணம் போடுவதற்கு முன்னாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதில் நான் பாடம் எடுப்பதை யாராவது பார்த்துத் திருத்துவார்களா? இல்லை என்றால், அறிவுக்காகப் படிக்கலாம், வேலைக்காக நம்ப வேண்டாம்.

படி 4: நான்கு பேரைப் பிடித்து எடுக்க ஆரம்பியுங்கள்

படிப்பு முடியும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன், மளிகைக்கடை அண்ணன், யாராக இருந்தாலும் சரி. என் முதல் வகுப்பு எங்கள் மொட்டை மாடியில், நான்கு பேர், காசு கிடையாது. "புரிந்ததா?" என்றேன். "புரிஞ்சது அக்கா" என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை.

வேறு என்ன கேட்பது? ஓர் உதாரணம். "நான் மூணு வருஷமா பெங்களூர்ல இருக்கேன்" என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் நம் ஆட்கள் "ஐ ஆம் இன் பெங்களூர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்பார்கள். ஏன்? தமிழில் "இருக்கேன்" நிகழ்காலம், அதனால் "ஐ ஆம்" வந்து நிற்கிறது. கன்னடத்தில் "மூரு வர்ஷதிந்த இத்தீனி", ஹிந்தியில் "தீன் சால் ஸே". இரண்டிலும் "இருந்து" என்ற பொருளுள்ள உருபு இருக்கிறது, அதுதான் "சின்ஸ்" ஆகிவிடுகிறது. நம் தமிழில் "வருஷமா" என்கிறோம், அதில் "இருந்து" இல்லை. ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாம்: "மூணு வருஷமா" என்றால் "ஃபார்", "2021லிருந்து" என்றால் "சின்ஸ்". பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இந்த ஊர் வகுப்பறையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், தமிழை வைத்துத் தப்பிக்க முடியாது. போர்டில் ஒரு கோடு போடுங்கள். இடது முனையில் 2021, வலது முனையில் இன்று. "ஐ ஹேவ் பீன் இன் பெங்களூர் சின்ஸ் 2021" என்று எழுதிவிட்டுக் கேளுங்கள்: இவர் எப்போது வந்தார்? இப்போதும் இங்கேதான் இருக்கிறாரா? நடுவில் போய்விட்டாரா? பதில் சரியாக வந்தால் புரிந்திருக்கிறது. வராவிட்டால், கோட்டுக்கே திரும்புங்கள்.

ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன எடுத்தேன், எங்கே மாட்டினார்கள், யார் அதிகம் பேசியது. மூன்றாவது வரியில் "நான்" என்று தொடர்ந்து வந்தால் பிரச்சினை உங்களிடம்தான்.

படி 5: டெமோ, வேலை

ஜூனில் திறக்கும் பள்ளிகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலேயே ஆள் தேட ஆரம்பித்துவிடும், ரெசியூமை ஜனவரியிலேயே தயார் செய்துவிடுங்கள். அதில் "ஆர்வமுள்ளவர், கடின உழைப்பாளி" என்ற வரிகளை எடுத்துவிட்டு, யாருக்கு, எத்தனை மாதம், என்ன எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மொட்டை மாடி வகுப்பும் கணக்கில் சேரும்.

டெமோவுக்கு, அதாவது இன்டர்வியூவில் எடுத்துக் காட்டும் மாதிரிப் பாடத்துக்கு, ஒரே ஒரு விஷயம் போதும். இருபது நிமிஷத்தில் டென்ஸ் பன்னிரண்டையும் நடத்திவிடலாம் என்று போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஐயோ பாவம். ஐந்து நிமிஷம் நீங்கள், பத்து நிமிஷம் பிள்ளைகள் ஜோடியாகப் பேசுவது, மிச்சத்தில் அவர்கள் செய்த தப்பைப் பெயர் சொல்லாமல் போர்டில் போட்டு அவர்களையே திருத்தச் சொல்வது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பது அந்த நடுப் பத்து நிமிஷத்தைத்தான்.

கிளம்பும்போது பையில் சொந்தமாக இரண்டு மார்க்கர் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே கொடுப்பது பாதி நேரம் எழுதாது.