நடுக்கடலில் சக்கரத்துக்குச் சுக்கான் கட்டுப்படாவிட்டால்

பாய்மரப் படகைத் திருப்பும் சக்கரம் திடீரென்று லேசாகச் சுழல்கிறதா? சுக்கானுக்குப் போகும் கம்பிவடம் அறுந்திருக்கலாம். முதலில் பாயைக் குறையுங்கள். வேகம் தணிந்தால்தான் நிதானமாக யோசிக்க முடியும்.

படகைத் தானாகவே திசைபிடித்துச் செலுத்தும் ஆட்டோபைலட்டை இயக்கிப் பாருங்கள். அதன் விசைக்கை நேராகச் சுக்கான் தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்தால், வடம் அறுந்தாலும் அது படகைத் திருப்பும். பலர் பதற்றத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

இல்லையென்றால், சக்கரத்துக்குப் பதிலாகச் சுக்கானைத் திருப்ப உதவும் அவசரக் கைப்பிடியைச் சுக்கான் தண்டின் தலையில் மாட்டுங்கள். துறைமுகத்திலேயே இதை மாட்டிப் பழகாமல் நான் கிளம்பவே மாட்டேன். சில படகுகளில் அது சக்கரத் தூணில் இடிக்கும். அந்தக் கைப்பிடியை இருபுறமும் கயிற்றால் இறுக்கிக் கட்டிச் சுக்கானை அசையாமல் நிறுத்துங்கள். அப்புறம்தான் கீழே கைவிட்டு வடத்தைத் தொட வேண்டும். ஆடும் சுக்கான் விரலை நசுக்கிவிடும், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மாற்று வடம் இல்லையா? டைனீமா என்ற மிக உறுதியான செயற்கை இழைக் கயிறு போதும்.

சுக்கானே உடைந்துபோனால், அதன் தண்டு படகுக்குள் நுழையும் குழாய் வழியே தண்ணீர் வருகிறதா என்று உடனே பாருங்கள். கசிவு இல்லையென்றால் தண்ணீரில் இழுபட்டுப் படகைத் தடுக்கும் இழுவைக் குடையைப் பின்னால் விட்டு, அதன் கயிற்றை இருபுறமும் பிரித்துக் கட்டுங்கள். வலப்பக்கக் கயிற்றை இழுத்தால் படகு வலப்பக்கம் திரும்பும்.

உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மீட்புப் படையினருக்கு அபாயச் சைகை அனுப்பும் ஈபிர்ப் கருவியை இயக்குங்கள். மற்றபடி சாட்டிலைட் போனில் கரைக்கு நிலைமையைச் சொன்னால் போதும்.