ஆங்கில இலக்கியப் பாடத்தில் மூலத்தைப் படிக்க நேரம் கண்டுபிடிப்பது எப்படி

கைடை மட்டும் வைத்துக்கொண்டு இளங்கலை ஆங்கில இலக்கியத்தில் இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிடலாம். மூன்றாம் ஆண்டிலும் முதுகலையிலும் அந்த வண்டி ஓடாது. கதையைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வித்தாள், ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்து விளக்கச் சொல்லும். மூலத்தையே தொடாதவருக்கு அங்கே எழுத ஒன்றும் இருக்காது.

ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் வரும் பதில், நேரமில்லை என்பது. டெல்டாவில் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போய் வருகிறவர்களுக்கு அது வெறும் சாக்கு அல்ல. காலையும் மாலையும் பஸ், ஐப்பசி வந்தால் மழை, தை வந்தால் அறுப்பு. அதனால் நேரக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் உங்கள் வேகம் என்ன?

பாடத்தில் உள்ள நாவலை எடுங்கள். கைப்பேசியில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, அதைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். அகராதி வேண்டாம். புரிந்து படிக்கும் வேகத்தில் படியுங்கள். 6 பக்கம் வந்தால் மணிக்கு 18 பக்கம். 300 பக்க நாவலுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் என்றால் 17 நாள். நாடகத்துக்குக் கணக்கு வேறு. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது மாக்பெத். ஏறக்குறைய 2100 வரி. அடிக்குறிப்போடு மணிக்கு 150 வரி படித்தால் 14 மணி நேரம் ஆகும். ஹாம்லெட் என்றால் அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு.

இந்த எண் கையில் இல்லாமல் போடும் டைம்டேபிள் நிற்காது. ‘ஞாயிறு: நாவல் முடிக்கணும்’ என்று சுவரில் ஒட்டிவிட்டு, ஞாயிறு இரவு 40-ஆம் பக்கத்தில் நிற்கும்போது மனம் விட்டுப்போகும், திங்கட்கிழமை கைடு வாங்கக் கால் தானாகக் கடைக்குப் போகும். டைம்டேபிளில் ‘மாலை 7 முதல் 9 வரை ஆங்கிலம்’ என்று எழுதாதீர்கள். ‘பக்கம் 61 முதல் 95 வரை’ என்று எழுதுங்கள். முடிந்ததா இல்லையா என்பது அதில்தான் தெரியும்.

நம் ஊர் நாட்காட்டி

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்பது கணக்கு. முதல் பருவம் ஜூனில், குறுவைக்குத் தண்ணீர் எதிர்பார்க்கும் நேரத்தில் தொடங்குகிறது. அக்டோபர் பின்பாதியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தீபாவளியும் அதை ஒட்டியே வரும். மழைக்கு விடுமுறை விட்டால் கடைசி யூனிட்டை ஒரே வாரத்தில் அடித்துத் தள்ளுவார்கள். பின்னாலேயே நவம்பர் தேர்வு. ஆகவே எல்லா மூலத்தையும் ஒருமுறை படித்து முடிக்கச் செப்டம்பர் 30-ஐக் கெடுவாக வையுங்கள். அக்டோபர் 15-க்குப் பிறகு புதிய நூல் எதையும் திறக்கக் கூடாது. மறுவாசிப்பும் எழுதிப் பார்ப்பதும் மட்டும்தான்.

இரண்டாம் பருவத்தில் நெருக்கடி பொங்கலை ஒட்டிச் சம்பா அறுப்பில் வரும். அறுவடை மெஷின் வந்த பிறகு களத்து வேலை குறைந்துவிட்டது. ஆனால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறை வரும்வரை காவல் இருக்கும் வேலை இன்னும் இருக்கிறது. வீட்டில் நிலம் இருந்தால் அந்த நாட்களுக்கு டைம்டேபிளில் பூஜ்யம் போட்டுவிடுங்கள். படிக்கப் போவதாக எழுதிவைத்துப் படிக்காமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். அந்தப் பருவத்தின் நீளமான நாவலை மார்கழியிலேயே முடிக்கப் பாருங்கள். ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி எப்படியும் எழுப்பிவிடும். அந்த ஒரு மணி நேரம் நாவலுக்கு.

பஸ் நேரத்தை வீணாக்க வேண்டாம், அதை நம்பியும் இருக்க வேண்டாம். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நின்றுகொண்டு நாவலின் முதல் வாசிப்பு ஓடாது, ஒரே பத்தியை மூன்று முறை படிப்பீர்கள். ஏற்கெனவே படித்த ஒரு கவிதையை ஒரே தாளில் பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப்பையில் அல்லது கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியைப் பார்ப்பது, தாளை மடிப்பது, அடுத்த வரி என்ன என்று நினைவிலிருந்து எடுப்பது. கூட்ட நெரிசலிலும் இது முடியும்.

ஒரு கவிதையை மூன்று முறை படிப்பது

முதல் வாசிப்பு நிறுத்தாமல், வாய்விட்டு. இரண்டாவது பென்சிலோடு, வாக்கியம் வாக்கியமாக. மூன்றாவது, கவிதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க. கீட்ஸின் ‘டு ஆட்டம்’ (To Autumn) கவிதையை வைத்துப் பார்ப்போம். 1819 செப்டம்பர் 19 அன்று வின்செஸ்டரில் எழுதியது. 11 வரி கொண்ட மூன்று பத்திகள், மொத்தம் 33 வரி. முதல் வாசிப்புக்கு மூன்று நிமிடம் போதும்.

இதில் பெரும்பாலோர் சறுக்குவது தலைப்பிலேயே. ‘ஆட்டம்’ என்றால் இலையுதிர் காலம் என்று அகராதி சொல்லும். உடனே மொட்டை மரமும் சோகமும் மனதில் வந்துவிடும். கவிதைக்குள் போனால் இருப்பது அறுவடை. இந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘அறுப்புக் காலம்’ என்று எழுதிக்கொண்டு படியுங்கள், பாதி கதவு திறந்துவிடும்.

இரண்டாம் பத்தியில் பருவம் ஓர் ஆளாக வருகிறது. களஞ்சியத் தரையில் கவலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. தூற்றும் காற்று அதன் கூந்தலை மெல்லத் தூக்குகிறது. நெல் தூற்றியதைப் பார்த்தவருக்கு இது அடிக்குறிப்பு இல்லாமலே விளங்கும். காற்று வரும் திசை பார்த்து முறத்தை உயர்த்திச் சரிக்கும்போது கனமான மணி நேரே காலடியில் விழும், பதர் பறந்துபோகும். பதரைத் தூக்கும் அதே காற்றுதான் அந்தக் கூந்தலையும் தூக்குகிறது. அடுத்து, பாதி அறுத்த வயலில் அசந்து தூங்குகிறது; அரிவாள் அடுத்த பிடியை அறுக்காமல் விட்டிருக்கிறது. பிறகு, சிந்திய கதிர் பொறுக்குகிறவரைப் போலத் தலைச்சுமையோடு ஓடையைத் தாண்டுகிறது. கடைசியாக ஆப்பிள் சாறு பிழியும் செக்கின் அருகில் நின்று, கடைசிச் சொட்டுகள் வடிவதை மணிக்கணக்கில் பார்க்கிறது.

மூன்றாவது வாசிப்பில் அந்த ஓடை தாண்டும் இடத்தில் நில்லுங்கள். ‘கீப்’ என்ற சொல் வரியின் கடைசியில் இருக்கிறது. ‘ஸ்டெடி’ அடுத்த வரியின் தொடக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் வரி முறிகிறது. வாய்விட்டுப் படித்தால் கண் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாண்டும் அந்த நொடி, கதிர்க்கட்டோடு வாய்க்காலைத் தாண்டுகிறவர் கால் வைக்கும் நொடியாகிறது. விமர்சகர்கள் சுட்டிக்காட்டிய இடம்தான் இது, ஆனால் உங்கள் வாயால் படித்துக் கண்டுபிடித்தால் மறக்காது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: நான்கு காட்சிகளில் மூன்றில் அந்த ஆள் வேலை செய்யவில்லை. உட்கார்ந்திருக்கிறது, தூங்குகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறது. அறுவடை முடியப்போகிறது என்பதைக் கவிஞர் அந்த ஓய்விலேயே சொல்லிவிடுகிறார். இந்த ஒரு கவனிப்பே பத்து மதிப்பெண் கட்டுரைக்கு அச்சாணியாகும்.

களத்து நினைவு உங்களுக்குப் புரிவதற்கு. விடைத்தாளில் தஞ்சாவூர் வயலைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிடாதீர்கள். அங்கே கவிதையின் சொல்தான் சாட்சி.

நீண்ட வாக்கியத்தில் சிக்கினால்

பள்ளியில் பொருள்கோள் படித்திருப்பீர்கள். கொண்டுகூட்டி, அதாவது சொற்களை இடம் மாற்றிச் சேர்த்துப் பொருள் காணும் அந்தப் பழக்கத்தை இங்கே அப்படியே பயன்படுத்துங்கள். மில்டனின் பாரடைஸ் லாஸ்ட் 16 வரி வாக்கியத்தோடு தொடங்குகிறது. அதைத் தாங்கும் வினை ‘சிங்’, ஆறாவது வரியில்தான் வருகிறது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் அங்கே தடுமாறுவார்கள். வினைக்காக வாக்கியத்தின் கடைசிவரை காத்திருப்பது தமிழ் படிப்பவருக்குப் பிறவிப் பழக்கம். வினையைத் தேடி வட்டமிடுங்கள், அது யார் செயல் என்று அம்புக்குறி போடுங்கள், மீதியை அதன்மேல் மாட்டுங்கள்.

அகராதிக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்: பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் பார்க்கக் கூடாது. திரும்பத் திரும்ப வரும் சொல், வாக்கியமே தொங்கிக்கொண்டிருக்கும் சொல், இவை மட்டும். நோட்டில் ஒற்றைத் தமிழ்ச் சொல்லை எழுதாமல், அந்தச் சொல் வந்த வரியோடு எழுதுங்கள்.

அசையும் அழுத்தமும்

யாப்பு யூனிட்டில் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. நேரசை, நிரையசை என்று பழகிய காது குறில் நெடிலைத் தேடும். ஆங்கிலத்தில் பார்க்க வேண்டியது அழுத்தம். ‘ரெக்கார்ட்’ என்ற சொல் பெயராக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாவதில். ஐயாம்பிக் பெண்டாமீட்டர் என்பது அழுத்தமில்லாத அசை, அழுத்தமுள்ள அசை என்ற இணை ஐந்து முறை. மொத்தம் பத்து அசை. அழுத்தம் விழும் இடத்தில் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே படியுங்கள். தட்டு தப்பும் இடத்தில் கோடு போடுங்கள். அங்கே ஏதோ இருக்கிறது.

மாக்பெத்தில் சூனியக்காரிகள் பெரும்பாலும் அழுத்தமுள்ள அசையில் தொடங்கி நான்கு சீரில் பேசுகிறார்கள். மாக்பெத் ஐந்து சீரில் பேசுகிறான். முன்பெல்லாம் செய்யுளில் பேசிய லேடி மாக்பெத், ஐந்தாம் அங்கம் முதல் காட்சியில் தூக்கத்தில் நடக்கும்போது உரைநடையில் பேசுகிறாள். அவள் மனம் குலைந்ததைப் பற்றிய கேள்விக்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

தினம் பத்து நிமிடமாவது வாய்விட்டுப் படியுங்கள், வீட்டில் கூச்சமாக இருந்தால் மொட்டை மாடியில். ஆங்கிலப் பேச்சுக்காக வெள்ளி நாக்குக்காரர் என்று பெயர் வாங்கிய சீனிவாச சாஸ்திரி, 1869-இல் நம் வலங்கைமானில் பிறந்தவர்தான்.

கைடு எப்போது?

இரண்டாம் வாசிப்பு முடிந்த பிறகு, 20 நிமிடம். பெயர், ஆண்டு, நிகழ்ச்சி வரிசை சரியா என்று பார்க்க. அதற்கு முன் திறந்தால் கவிதையில் கைடு சொன்னது மட்டும்தான் கண்ணில் படும். கைடு வாக்கியத்தை அப்படியே எழுதுவதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது: ஒரே விடைத்தாள் கட்டுக்குள் அதே வாக்கியம் வரிசையாக வருவதைத் திருத்துபவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பழைய ஆசிரியர்களின் மூலம் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் அடிக்குறிப்பு இருக்காது. நாடகத்துக்கு மட்டுமாவது நூலகத்திலிருந்து குறிப்புரை உள்ள பதிப்பை எடுங்கள்.

விடை எழுதுவது

இரண்டு விடைத் தொடக்கங்களை ஒப்பிடுங்கள். ‘கீட்ஸ் இயற்கையை மிகவும் நேசித்த கவிஞர்.’ இதை எந்தக் கவிஞருக்கும் ஒட்டலாம். ‘இரண்டாம் பத்தியில் பருவம் நான்கு முறை தோன்றுகிறது, மூன்று முறை ஓய்வில் இருக்கிறது.’ இதை அந்தக் கவிதைக்கு மட்டும்தான் எழுத முடியும். உங்கள் முதல் வாக்கியம் இந்த இரண்டாவது வகையில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அது எளிய வாக்கியமாக இருந்தாலும் போதும்.

எழுதத் தொடங்குமுன் தாளின் ஓரத்தில் நான்கு வரி: சொல்ல வரும் கருத்து ஒன்று, மூலத்திலிருந்து இடம் மூன்று. மேற்கோள் நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒரு நூலுக்கு ஐந்து குட்டி மேற்கோள் பிழையில்லாமல் தெரிந்தால் போதும். நீளமாக எழுதித் தப்பாகப் போனால், மனப்பாடமும் தெரியாது மூலமும் தெரியாது என்று ஆகிவிடும்.

75 மதிப்பெண், மூன்று மணி நேரத் தாளில் பரவலான அமைப்பு: இரண்டு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் ஐந்து, பத்து மதிப்பெண் மூன்று. உங்கள் கல்லூரியின் பழைய தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சிறு கேள்விக்கு 3 நிமிடம் வீதம் 30. நடுக் கேள்விக்கு 11 வீதம் 55. கட்டுரைக்கு 28 வீதம் 84. மொத்தம் 169 நிமிடம், மீதி 11. வழக்கமாக நடப்பது என்னவென்றால், நன்றாகத் தெரிந்த முதல் கட்டுரை 50 நிமிடத்தை விழுங்கிவிடும். மூன்றாவது கட்டுரை ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். தெரிந்த கட்டுரையில் 8 என்பதை 9 ஆக்க 20 நிமிடம் செலவழித்து, மூன்றாவதில் 4 மதிப்பெண்ணை விடுவது நஷ்டம்.

இதைத் தேர்வு அறையில் பழக முடியாது. அக்டோபரில் வாரம் ஒரு கட்டுரை, கடிகாரம் வைத்து 28 நிமிடம். மணி அடித்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே பேனாவை வையுங்கள். மூன்று பக்கம் வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பத்திகளைச் சுருக்கிப் பழகுங்கள், கை வேகத்தைக் கூட்ட முயன்றால் எழுத்து கோணும்.

மிஞ்சிய அந்த 11 நிமிடத்தில் ஐந்து நிமிடத்தை முதலிலேயே கேள்வித்தாளைப் படிக்கச் செலவழியுங்கள். மீதி ஆறில், ஓரத்தில் போட்ட கேள்வி எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.