பசங்க கட்டுரையில ஆதாரத்தோட வாதாட எப்படிப் பழக்கலாம்

பத்தாவது பசங்ககிட்ட 'நெகிழி ஒழிப்பு'ன்னு தலைப்பு கொடுத்துப் பாருங்க, கிளாஸ் மொத்தமும் ஒரே மாதிரிதான் எழுதும், "பிளாஸ்டிக் மனித குலத்தின் எதிரி, அனைவரும் ஒழிப்போம்". யாரும் மறுக்காத விஷயத்துல வாதாட என்ன இருக்கு? அதனால முதல்ல தலைப்ப மாத்துங்க. "நம்ம ஊர் டீக்கடையில பேப்பர் கப்ப நிறுத்திட்டு கண்ணாடி கிளாஸ்லதான் டீ தரணும்"னு கொடுங்க, பசங்க உடனே ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க.

உடனே எழுத விடாதீங்க, ஒரு வாரம் ஆதாரம் தேடட்டும். எதெல்லாம் ஆதாரம்னு நாமதான் காட்டணும். ஒரு பேப்பர் கப்ப ராத்திரி முழுக்க தண்ணியில ஊறப்போட்டு காலையில கிளாஸுக்கு கொண்டு போய் உள்பக்கத்த உரிக்கச் சொல்லுங்க, மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் படலம் தனியா வரும், பேப்பர்தானே சார்னு கேட்ட பையனே கண்ணால பாத்துடுவான். அப்புறம் சட்டம்: 2019 ஜனவரி 1லேருந்து தமிழ்நாட்டுல தடை ஆன 14 பொருள்ல பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் ஒண்ணு. அப்புறம் ஆய்வு: 2020ல ஐஐடி காரக்பூர்ல பண்ணினது, பேப்பர் கப்ல 100 மில்லி சுடுதண்ணி 15 நிமிஷம் இருந்தா சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள் கலக்குதுன்னு சொல்லுது.

இங்கதான் ரொம்ப கவனமா இருக்கணும். இதப் படிச்சதும் பசங்க "ஆகவே பேப்பர் கப்பில் டீ குடித்தால் புற்றுநோய் வரும்"னு எழுதிடுவாங்க. அந்த ஆய்வு துகள் கலக்குதுன்னுதான் காட்டுச்சு, நோய் வரும்னு நிரூபிக்கல. ஆதாரம் எதுவரைக்கும் சொல்லுதோ அதோட நிறுத்தணும்ங்கறத பசங்க கத்துக்கிட்டா அதுவே பெரிய விஷயம், மார்க்க விட எனக்கு இதுதான் முக்கியம். குறளும் அப்படித்தான், கட்டுரைக்கு அழகு சேர்க்கும், ஆனா பேப்பர் கப்ப பத்தி அது எதையும் நிரூபிக்காது.

அடுத்தது எதிர்த்தரப்பு. பசங்கள டீக்கடை அண்ணன்கிட்டயே அனுப்புங்க, ஒரு நாளைக்கு எத்தன கப் போகுது, என்ன செலவு, ஏன் கிளாஸ் வைக்கறதில்லன்னு கேட்டு நோட்ல எழுதிட்டு வரட்டும். கழுவ தண்ணி வேணும், ஆள் வேணும், பார்சல் கேட்டா என்ன பண்றதுன்னு அவர் சொல்ற கஷ்டம் நிஜமானது, அத மறைக்காம கட்டுரையிலயே எழுதி, பார்சலுக்கு வீட்டுலேருந்து பிளாஸ்க் கொண்டு வரலாம், கிளாஸ கொதிக்கிற தண்ணியில அலசலாம்னு பதில் சொல்லணும்.

திருத்தும்போது முதல் தடவ எழுத்துப்பிழைய விட்டுடுங்க. ஆதாரம் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல "எப்படித் தெரியும்?"னு மட்டும் எழுதுங்க. "பேப்பர் கப் மிகவும் ஆபத்தானது"ங்கற வரி அப்பதான் "பேப்பர் கப்பின் உள்ளேயும் பிளாஸ்டிக் இருக்கிறது, நாங்களே உரித்துப் பார்த்தோம்"னு மாறும். முன்னுரை, பொருளுரை, முடிவுரைங்கற எக்ஸாம் தலைப்பெல்லாம் அப்படியே இருக்கட்டும், பிரச்சினையே இல்ல.

ரெண்டாவது தடவ எழுதினதும் பேப்பர பக்கத்துல இருக்கறவன்கிட்ட மாத்திக் கொடுங்க, அவன் டீக்கடைக்காரரா நின்னு கேள்வி கேக்கணும், பதில் சொல்ல முடியாத இடத்துல கோடு போட்டுட்டு மறுபடி ஆதாரம் தேடப் போகட்டும்.