தள்ளுபடிச் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

தள்ளுபடியில் ஒரு சட்டையோ குர்தாவோ பிடித்துப்போனால், விலையைப் பார்க்கும் முன் அதை உள்பக்கம் திருப்புங்கள். பக்கத் தையலுக்கு வெளியே அரை அங்குலமாவது துணி விட்டிருந்தால் பிற்பாடு பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம். ஒட்ட வெட்டி ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் சுற்றிப் போடும் தையல்) அடித்திருந்தால் அதற்கு வழியே இல்லை. அப்புறம், தையலின் இருபுறமும் பிடித்து லேசாக இழுங்கள். இடைவெளி விட்டு நூல் பல்லிளித்தால் அப்படியே வைத்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

பெரிய அளவு மட்டும்தான் மிச்சம் இருக்கிறதா? பரவாயில்லை, இடுப்பையும் நீளத்தையும் எந்தத் தையல்காரரும் பிடித்துத் தருவார். ஆனால் தோள் கட்டாயம் பொருந்த வேண்டும். தோள் தையல் சரியாகத் தோள் எலும்பின் முனையில் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். கீழே இறங்கித் தொங்கினால் கையை முழுசாகப் பிரித்து மறுபடி மாட்ட வேண்டும். அந்தக் கூலியில் தள்ளுபடி காணாமல் போய்விடும். (வேண்டுமென்றே தொளதொளவெனத் தைத்த மாடலுக்கு இது பொருந்தாது.)

பொத்தான் விழுந்திருப்பது குறையே அல்ல. அதைக் காட்டி இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். உள்மடிப்பில் உபரிப் பொத்தான் தைத்திருக்கவும் கூடும்.