கண்மூடி அசைபவரும் உடனிருந்து பார்ப்பவரும்: ஆறு பேருக்கான முதல் அமர்வு

1950களில் அமெரிக்காவில் நடனக் கலைஞர் மேரி வைட்ஹவுஸ் தொடங்கிய முறை இது. 'ஆத்தென்டிக் மூவ்மென்ட்' என்பார்கள். ஒருவர் கண்ணை மூடி உடம்பு போகிற போக்கில் அசைவார், இன்னொருவர் உட்கார்ந்து பார்ப்பார். பாட்டு கிடையாது.

மூன்று ஜோடிக்குச் செட்டிநாட்டு வீட்டு வளவு (முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரம்) தாராளம். ஆனால் முற்றத்துக்கு இறங்கும் விளிம்பில்தான் கால் தவறும். அதனால் பார்ப்பவர்கள் மூவரையும் அந்த ஓரத்தில், முற்றத்துக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். தூணருகே யாராவது போனால் பார்ப்பவர் தூணுக்கும் அவருக்கும் நடுவில் உள்ளங்கையை நீட்டினால் போதும், பிடித்து இழுக்க வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்கால்தான் சரி. சாக்ஸ் வழுக்கும், கோரைப்பாய் இடறும்.

5 நிமிடம் எல்லோரும் சும்மா உட்காருங்கள். பூஜை மணி ஒருமுறை அடித்ததும் 10 நிமிடம் அசைவு. (போன் அலாரம் வேண்டாம், திடுக்கிட வைக்கும்.) கை தூக்கலாமா என்று யோசித்துத் தூக்காதீர்கள்; கை தானாக எழும்வரை காத்திருங்கள். ஒன்றும் வரவில்லையா, நின்றுகொண்டே இருங்கள், அதுவும் பயிற்சிதான். பரதம் படித்தவர்களுக்குப் பழகிய அடவு முந்திக்கொண்டு வரும். வந்தால் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். வேகமாகச் சுழலத் தோன்றினால் கண்ணைத் திறந்துவிடுங்கள்.

மறுபடி மணி. 5 நிமிடம் பேசாமல் எழுதுங்கள்.

அடுத்து 10 நிமிடப் பேச்சு. பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் கெடுகின்றன. அசைந்தவர்தான் முதலில் பேச வேண்டும். அவர் கேட்டால் மட்டும் பார்த்தவர் பேசலாம், அதுவும் தன்னைப் பற்றி. "நீங்க சோகமா இருந்தீங்க" என்பது தீர்ப்பு. "உங்க தோள் இறங்குறதைப் பார்த்தேன், எனக்கு நெஞ்சு கனத்துச்சு" என்றால் கண்டது ஒரு பக்கம், தனக்குள் நேர்ந்தது ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். "ரொம்ப அழகா இருந்துச்சு" என்ற பாராட்டும் வேண்டாம். அடுத்த முறை அவர் உங்களுக்காக ஆடத் தொடங்கிவிடுவார்.

பிறகு சேர்த்தது: "சாமி வந்துருமா?" என்று பலர் கேட்டார்கள். சாமியாட்டத்தில் ஆடுபவர் தன்னை ஒப்புக்கொடுக்கிறார். இங்கே தன்னைக் கவனிக்கும் பார்வையை விடக்கூடாது. அது நழுவுவதாகத் தோன்றினால் கண் திறந்து, சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள். மனநல சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

பேசி முடித்ததும் அசைந்தவரும் பார்த்தவரும் இடம் மாறுங்கள், இன்னொரு அரை மணி நேரம்.