நலாக்சோன் படகில் இருந்தால் மட்டும் போதாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில், டேபென்டடால், டிராமடால் எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே வகை. அளவு மீறினால் மூச்சு குறைந்து குறைந்து நின்றுவிடும். அந்த மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்துதான் நலாக்சோன். அமெரிக்காவில் 1971-ல் அனுமதி பெற்றது. நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து, கரை நெடுக மரைன் போலீஸ் என்று ராமநாதபுரம் கடற்கரையில் சீருடைக்காரர்கள் நிறையப் பேர். சோதனை போடும் படகில் ஒருவர் மயங்கிக் கிடக்கலாம். அடிபட்ட வீரருக்குப் போட்ட மார்ஃபின் ஊசியே அதிகமாகிவிடலாம். முதுகுவலிக்கென்று தொடங்கிய மாத்திரை சக வீரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதனால் இது அவர்களுக்கு அந்நியமான மருந்து என்று நினைப்பதே முதல் தவறு.

அடுத்தது, மருந்தை முகாமின் மருத்துவ அறையில் பூட்டி வைப்பது. மூச்சு நின்ற நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். கடலிலிருந்து கரைக்கு வரும் நேரம் தனி. சின்ன ரோந்துப் படகில் டாக்டர் இருக்க மாட்டார். ஆகவே மருந்து படகிலேயே இருக்க வேண்டும். யார் போடலாம், எவ்வளவு போடலாம் என்பதை மருத்துவ அதிகாரி எழுத்தில் கொடுத்து, அவர்களுக்குப் பயிற்சியும் தந்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பயம் தருவது குறட்டைதான். “நல்லாத் தூங்குறான், விடு, போதை தெளியட்டும்” என்று சொல்லித்தான் பல உயிர்கள் போகின்றன. தொண்டையில் கரகரவென்று இழுக்கும் அந்தச் சத்தம், மூச்சுக்குழல் அடைபடுவதன் அறிகுறி. தோளைப் பிடித்து உலுக்குங்கள், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழவில்லை, மூச்சு நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டுக்குக் கீழே, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். மூச்சு குறையும்போது வரும் நீலம் நம் நிறத்துக்குத் தோலில் தெரியாது. உதட்டின் உள்பக்கத்தையும் நகக்கண்ணையும் பாருங்கள், சாம்பல் பூத்திருக்கும். புளிக்கரைசல், மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அது நேரே நுரையீரலுக்குப் போகும்.

ஊசியைத் தேடிக்கொண்டு மூச்சை மறப்பதும் பெரிய தவறு. ஒருவர் தலையை நிமிர்த்தி, முகமூடி வைத்து மூச்சு ஊதட்டும். இன்னொருவர் ஊசியை எடுக்கட்டும். நம் தேசியப் பட்டியலில் இருப்பது மில்லிக்கு 0.4 மில்லிகிராம் உள்ள ஊசி மருந்து. அலையில் ஆடும் படகில், ஈரக் கையோடு, ராத்திரியில் ஆம்பியூல் எனப்படும் கண்ணாடி மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்து ஊசியில் இழுப்பது சுலபமில்லை. ஆம்பியூல், சிரிஞ்சு, ஊசி, உடைக்கும்போது பிடிக்கத் துணித்துண்டு, கையுறை, சின்ன டார்ச் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். தண்ணீர் ஆம்பியூலை வைத்துப் படகிலேயே பழக வேண்டும். வெளிநாட்டு மூக்கு ஸ்பிரே கிடைத்தால் சோதனைக்கு அமுக்கிப் பார்க்காதீர்கள். ஒரு ஸ்பிரேயில் ஒரே தடவைக்குத்தான் மருந்து.

நினைவு வரும்வரை அடுத்தடுத்துப் போடுவதும் வேண்டாம். மூச்சு சீரானால் போதும். இரண்டு மூன்று நிமிடம் பார்த்து, மூச்சு வரவில்லை என்றால் மட்டும் மறுபடி. ஒரேயடியாகத் தெளிய வைத்தால் வாந்தியும் முரட்டுத்தனமும் வரும். சின்னப் படகில் அது எல்லோருக்கும் ஆபத்து.

ஐஸ் எனப்படும் மெத், கஞ்சா, சாராயம், தூக்க மாத்திரை இவற்றுக்கு நலாக்சோன் வேலை செய்யாது. டிராமடாலுக்குப் பாதிதான். ஆனாலும் எது என்று தெரியாதபோது தயங்க வேண்டாம், ஓபியாய்டு இல்லாத உடம்பில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அப்புறம், பிடிபட்ட பொட்டலத்தைத் தொட்டாலே மயங்கி விழுவோம் என்ற பயத்தில் ஆளைத் தொடாமல் நிற்காதீர்கள். பொடி தோலில் பட்டதாலேயே அப்படி ஆவதில்லை. கையுறை போதும்.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சித்திரை மாதத்தில் படகின் கண்ணாடிக்குக் கீழேயோ இன்ஜின் பக்கமோ வைத்த மருந்தை நம்ப முடியாது. நிழலான பெட்டியில் வைத்து, காலாவதித் தேதியை மாதாமாதம் பாருங்கள்.

எழுந்து உட்கார்ந்துவிட்டார், சரி என்று விட்டுவிடுவதுதான் கடைசித் தவறு, ஆளைக் கொல்லும் தவறும் அதுவே. நலாக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். போதைப்பொருள் அதைவிட நேரம் நிற்கலாம், மூச்சு மறுபடி நிற்கலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். கரைக்கு 108-ஐ வரச் சொல்லுங்கள். நடுக்கடலில் மீனவர் படகு என்றால் கடலோரக் காவல்படையின் 1554. ஊசி போட்ட மணியை அவர் கையிலேயே பேனாவால் எழுதி, காலி ஆம்பியூலையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.