வீட்டு நிழலில் என்ன செடி வைக்கலாம்? சேலத்துக்காரருக்கு ஒரு செய்முறை

ஏற்காட்டுக் கோடை விழாவுக்குப் போய்விட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த பெகோனியா, சேலத்தில் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. ‘நிழலில் நன்றாக வளரும்’ என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை. அவர் சொன்னது சுமார் 1,500 மீட்டர் உயரத்து நிழல். நம் ஊரில் மே மாதம் நிழலிலும் அனல் வீசும். அதனால் செடி வாங்குவதை இங்கே நான்காவது படிக்குத் தள்ளியிருக்கிறேன்.

படி 1: நிழலை அளங்கள்

காலை 8, நண்பகல் 12, மாலை 4 மணிக்கு அந்த இடத்தில் கையை நீட்டுங்கள். தரையில் விழும் கை நிழலின் ஓரம் கூர்மையாக இருந்தால் அது வெயில். கலங்கித் தெரிந்தால் அரை நிழல். ஒன்றுமே தெரியாவிட்டால் முழு நிழல்.

ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணித் தொடக்கம்வரை நம் ஊரில் உச்சிவேளைச் சூரியன் சற்று வடக்கே நிற்கும். மார்கழியில் பாசி பிடித்துக் கிடக்கும் வடக்குச் சுவரோரம், வைகாசியில் அப்பளம் காயும் இடமாகிவிடும். அங்கே தரையில் நடாமல் தொட்டியில் வைத்தால் நகர்த்திக்கொள்ளலாம்.

படி 2: சுவர் நிழலா, மர நிழலா?

இரண்டும் ஒன்றல்ல. சுவரோரத்தில் ஈரம் தங்கும். மாமரத்தடியிலோ மரத்தின் வேர் முந்திக்கொண்டு குடித்துவிடும். செடிக்கு மிஞ்சுவது வறண்ட மண்தான். அங்கே வேரை வெட்டிக் குழி தோண்ட வேண்டாம், அடிமரத்தில் மண்ணையும் குவிக்க வேண்டாம்; பட்டை அழுகும். தொட்டிகளே போதும். நிழல் அதிகமென்றால் சில கிளைகளைக் கழிக்கலாம். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைக் கழித்துத்தான் வெளிச்சத்தைச் சரிசெய்கிறார்கள்.

படி 3: மண்

செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நீரில் அலசுங்கள். அதில் உப்பு இருக்கும்.

படி 4: செடி

முழு நிழலுக்கு மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை. இரண்டையும் குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை நிழலுக்கு என் தேர்வு மஞ்சள். வைகாசி அல்லது ஆனியில் முளைவிட்ட கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்தால், பொங்கலுக்குக் கொத்தோடு பிடுங்கலாம். வெயிலில் விளைவதைவிடக் கிழங்கு குறையும். பானையில் கட்ட இலை இருக்கிறதே, அது போதாதா? இஞ்சி, சேம்பு, வெற்றிலையும் வரும். மல்லிகையும் ரோஜாவும் வேண்டாம். இலை விடும், பூக்காது.

படி 5: தண்ணீர்

நிழல் செடிகள் பெரும்பாலும் சாவது வெளிச்சக் குறையால் அல்ல, நம் பாசத்தால். விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விட்டுப் பாருங்கள்; ஈரம் தட்டினால் வாளியை அப்படியே திரும்பக் கொண்டுபோங்கள். அடியிலை மஞ்சளாகி, மண்ணும் ஈரமாகவே இருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். உடனே செடியை எடுத்து, கறுத்த வேரை நறுக்கிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். பிறகு நான்கைந்து நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.